இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸின் நாற்பது நாள்

ஆகஸ்ட் 4

இடிமுழக்கம் சவுண்ட் சர்வீஸின் நிறுவனரும், எட்டுக் குழாய் ஸ்பீக்கர்களுக்கும் ஒன்றரை ஆம்ப்ளிஃபயருக்கும் (ஒன்று பாதிதான் வேலை செய்கிறது) ஏகச் சக்கரவர்த்தியுமாகிய அருப்புக்கோட்டை வேலாயுதப்பெருமாள் என்னும் நான், இன்று முதல் நாட்குறிப்பு எழுதுகிறேன். வரலாறு வந்து வரிசையில் நிற்கட்டும்.

காரணம், மதுரை ஆஸ்பத்திரியில் ஜெபராணி சிஸ்டர் கொடுத்த நாற்பது பக்க நோட்டு.

"மூடி போட்ட நேரம், எடுத்த நேரம், ஆக்சிஜன் நம்பர், பிள்ளை எப்படி இருந்தா. இந்த நாலுதான் எழுதணும்ணே. கதை வேண்டாம்."

"கதையா? சிஸ்டர், என் வாயில் பொய் வந்தால் வைகை மேற்கே ஓடும்."

"போன தடவை சளி எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டதுக்கு 'அணை நிரம்பி மதகு திறக்கப்பட்டது'ன்னு எழுதியிருந்தீங்க."

ஆகவே திரும்பும் வழியில் பஸ் ஸ்டாண்டு கடையில் இன்னொரு நோட்டு வாங்கினேன். அது ஆஸ்பத்திரிக்கு, இது எனக்கு. இதில் மதகைத் திறக்க யாரிடமும் அனுமதி தேவையில்லை.

நோட்டுக்கு நாயகி என் தங்கை செல்வியின் மகள் கனிஷ்கா. ஐந்து வயது. ஒன்பதாம் மாதத்தில் மூளைக்காய்ச்சல் வந்து ஐந்து வாரம் வாய்வழிக் குழாயில், மெஷின் தயவில் மூச்சுவிட்டாள். காய்ச்சல் போனது. குழாய் உரசிய இடம் புண்ணாகி, ஆறும்போது மூச்சுப்பாதையே சுருங்கிப்போனது. அதனால் கழுத்தில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். நாலு வருஷமாக அவள் மூக்கு வெறும் அலங்காரம்; மூச்சு கழுத்து வழியாக. அழுதாலும் சத்தம் வராது. நாக்கைச் சொடுக்கித்தான் பேசுவாள். ஒரு சொடுக்கு தண்ணீர். மூன்று சொடுக்கு, குழாயில் சளி, உறிஞ்சி எடு. இரண்டு சொடுக்கு, மாமா.

சித்திரையில் ஆபரேஷன் செய்து பாதையை அகலப்படுத்தினார்கள். இன்று டாக்டர் ஷர்மிளா பானு உள்ளே கேமரா விட்டுப் பார்த்தார். பாதை திறந்திருக்கிறதாம். பழைய குழாயை எடுத்துவிட்டு, ஒரு அளவு சின்னதைப் போட்டு, அதன் வாய்க்கு ஒரு சிவப்பு மூடியும் கொடுத்திருக்கிறார். மூடினால் மூக்கு வழியாகத்தான் மூச்சு. முதலில் விழித்திருக்கும்போது கொஞ்ச நேரம், பிறகு நாள் முழுக்க, பிறகு மதியத் தூக்கத்தில். கடைசியில் வார்டில் ஒரு ராத்திரி. எல்லாம் தேறினால் குழாயை எடுப்பார்கள்.

"குழாயை எடுக்க ஒரு நிமிஷம் போதும்" என்றார் டாக்டர். "எடுத்ததைத் திரும்பப் போட வேண்டியதில்லைன்னு தெரிஞ்சுக்கத்தான் ஒரு மாசம். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிக்கணும். மழை வந்தா பிள்ளைகளுக்குச் சளி. அப்புறம் தை மாசம்தான்."

செல்விக்கு நூல் மில்லில் பகல் ஷிப்டு. மாப்பிள்ளை லாரியோடு வடநாட்டில். பகலில் பொறுப்பு நான். குழாய் மாற்றவும் சளி உறிஞ்சவும் பயிற்சி பெற்ற ஒரே தாய்மாமன் விருதுநகர் ஜில்லாவிலேயே நான்தான். (விசாரிக்கவில்லை. ஆனாலும் நான்தான்.)

ஆகஸ்ட் 5

மூடி போட்டேன். ஐந்து நிமிஷம்.

முதல் நிமிஷம் கண்ணை உருட்டினாள். இரண்டாம் நிமிஷம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நிமிஷம் அழுதாள். அழுகைக்குச் சத்தம் வந்தது!

கரகரவென்று, மண்ணெண்ணெய் இல்லாத ஸ்டவ்வைப் பம்ப் அடித்தாற்போல ஒரு சத்தம். அதைக் கேட்டதும் மகாராணி அழுகையை நிறுத்திவிட்டு யார் அழுதது என்று அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாரும் இல்லை. மறுபடி கொஞ்சம் அழுது பார்த்தாள். மறுபடி வந்தது. அப்புறம் அழுகை போய் வெறும் சோதனை ஓட்டம்தான். மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.

செல்வி டிபன் பாக்ஸோடு வாசலில் நின்றாள். மில்லுக்கு நேரமாகிவிட்டது. நகரவில்லை.

"அண்ணே, அது அவளா?"

"இல்லை, பக்கத்து வீட்டுப் பூனை. போத்தா, சங்கு ஊதிட்டான்."

மூன்று உலகங்களும் அதிர்ந்தன என்று எழுதலாம். ஆஸ்பத்திரி நோட்டில் எழுதியது: 8.10 – 8.15. எண் 97. அழுதாள்.

ஆகஸ்ட் 9

ஒரு மணி நேரம். எண் 98. முதல் சொல் வந்துவிட்டது. "மாமா" என்றுதான் சொல்வாள் என்று அண்டசராசரமும் காத்திருந்தது. "சட்னி" என்றாள். ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

ஆகஸ்ட் 13

மூன்றரை மணி நேரம். இடையில் சளி உறிஞ்ச ஒரு முறை எடுத்தேன்.

உறிஞ்சும் மெஷினைக் கழுவினேன். அவசரப் பையைச் சரிபார்த்தேன்: அதே அளவில் ஒரு குழாய், ஒரு அளவு சின்னதில் இன்னொன்று, கத்தரிக்கோல், கழுத்து நாடா. எதிரே பெட்டிக்கடைக்குப் போனாலும் இந்தப் பை என் தோளில். ராஜாக்கள் செங்கோலைக்கூட இப்படிச் சுமந்ததில்லை.

புது ஜவுளிக்கடை மேனேஜர் வந்தார். ஆட்டோவில் நாலு நாள் பகல் விளம்பரம், என் குரல்தான் வேண்டுமாம்.

"தொண்டை கட்டியிருக்கு தம்பி."

"அண்ணாச்சி, ரெண்டு வருஷமாவா தொண்டை கட்டியிருக்கு?"

"பெரிய தொண்டை. கட்டு அவிழ நாளாகும்."

ராத்திரித் திருவிழாக்களுக்கு மட்டும் செட்டு போகிறது. பகலில் இந்த வீட்டில் எந்த ஆம்ப்ளிஃபயரும் பாடுவதில்லை. கரெண்டு பில் காரணம்.

ஆகஸ்ட் 17

எதிர்வீட்டு மல்லிகா தெருவில் தும்மினாள். பதினைந்து நாள் எங்கள் வாசல் பக்கம் வரக்கூடாதென நாடு கடத்தினேன். "நீ என்ன கலெக்டரா?" என்றாள். "அதற்கும் மேலே, தாய்மாமன்" என்றேன்.

ஆகஸ்ட் 21

விழித்திருக்கும் நேரம் முழுக்க மூடி! காலை ஏழு முதல் மதியம் ஒன்று வரை, மூன்று முதல் எட்டு வரை. எண் 97க்குக் கீழே இறங்கவில்லை. கனி ஓயாமல் பேசுகிறாள். நாலு வருஷ பாக்கியை ஒரே வாரத்தில் தீர்க்கிறாள். பல்லி ஏன் விழவில்லை, அப்பா லாரிக்கு ஏன் கழுத்து இல்லை, மாமாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை. கடைசிக் கேள்வியைச் செல்வி சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

சிஸ்டர் போனில் அனுமதி கொடுத்தார். நாளை முதல் மதியத் தூக்கத்திலும் மூடி.

"கால் விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டி, கூடவே உட்காருங்கண்ணே. எண் 92க்குக் கீழே போனா, நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தா, உதடு நீலமானா, பிள்ளை திணறினா உடனே எடுங்க, ஒரு நொடிகூட யோசிக்காதீங்க. இது எதுவும் இல்லேன்னா கை வைக்காதீங்க. தூங்கட்டும்."

ஆகஸ்ட் 22

1.20க்குத் தூங்கினாள். 1.38க்கு மூடியை எடுத்தேன். எண் 97.

கொஞ்சம் திணறினாள் என்று நினைக்கிறேன். புரண்டாள். ஆஸ்பத்திரி நோட்டில் "அமைதியின்மை" என்று எழுதினேன். கம்பீரமான சொல்.

ஆகஸ்ட் 23

பதினோரு நிமிஷம். எண் 98. ஃபேன் நின்றுவிட்டது. வியர்த்திருக்கும். எடுத்தேன்.

ஆகஸ்ட் 25

ஒன்பது நிமிஷம். எண் 98. கனவில் உதட்டைச் சுழித்தாள்.

அந்தக் குழாயின் சத்தத்தைப் பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். குக்கர் விசில் அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, உஸ்ஸ் என்று, அதுதான். சளி கட்டினால் களகள. நாடா இறுகினால் கீச். கச்சேரிக்காரர்கள் ராகம் கண்டுபிடிப்பதைப் போல நான் மூன்றாவது அறையிலிருந்தே கண்டுபிடிப்பேன். நாலு வருஷமாக எங்கள் வீட்டுக்கு இதுதான் சுப்ரபாதம், இதுதான் தாலாட்டு.

மூடி போட்டால் அது இல்லை. விழித்திருக்கும்போது தெரியவில்லை, பேச்சு அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. தூங்கும்போது ஒன்றுமே இல்லை. சாதாரணப் பிள்ளைகள் இவ்வளவு சத்தமில்லாமலா தூங்குகின்றன? அவர்களுடைய வீட்டாட்கள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 26

இன்றும் எடுத்தேன்.

ஆகஸ்ட் 27

செல்வி ஆஸ்பத்திரி நோட்டைப் புரட்டினாள்.

"தூக்கத்துல மட்டும் புள்ளைக்கு முடியலையோண்ணே?"

"பெரிய காரியம்த்தா. நாளெடுக்கும்."

அவள் சாப்பிடாமல் எழுந்து போனாள். புளிக்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 28

மதுரை. இன்றைய சம்பவத்தைச் சுருக்கமாக எழுதி முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். சுருக்க வரவில்லை.

டாக்டர் நோட்டைப் படித்தார். பக்கத்தில் ஜெபராணி சிஸ்டர். கனி என் மடியில். செல்வி அரை நாள் சம்பளத்தை விட்டு வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"விழிச்சிருக்கும்போது பிரமாதம்" என்றார் டாக்டர். "தூங்கினா நாலு தடவையும் இருபது நிமிஷம் தாண்டல. எல்லாத்துலயும் அமைதியின்மைன்னு எழுதியிருக்கீங்க. எப்படி இருந்தா?"

நான் வாயைத் திறந்தேன். முப்பது வருஷப் பழக்கம். திறந்தால் தானாக ஓடும். "திணறல்னா அப்படி ஒரு திணறல் டாக்டரம்மா. புயல்ல படகு மாதிரி. கட்டிலே ஆடிச்சுன்னா பாத்துக்கங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிவைத்தார்.

"அப்போ தூக்கத்துல தசை தளரும்போது பாதை அடையுது. திரும்ப மயக்கம் கொடுத்து உள்ளே பார்க்கணும். சுருங்கியிருந்தா இன்னொரு ஆபரேஷன். எட்டாம் தேதிக்கு வார்டுல வச்ச படுக்கையை ரத்து பண்ணிடலாம் சிஸ்டர். தை மாசம் பார்ப்போம்."

செல்வி கனியின் செருப்பைக் குனிந்து சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது அது.

சிஸ்டர் மட்டும் நோட்டை விடவில்லை. "டாக்டர், எடுத்தப்போ எண் பாருங்க. 97, 98, 98, 98. புயல்ல படகுன்னா இப்படி இருக்காதே." என்னைப் பார்த்தார். "அண்ணே, நெஞ்சுக்குழி இழுத்துச்சா?"

நான் கனியின் தலைமுடியை ஒதுக்கிவிட்டேன்.

"உதடு?"

மடியில் கனி இரண்டு முறை நாக்கைச் சொடுக்கினாள். இப்போது அவளால் பேச முடியும். ஆனாலும் என்னைக் கூப்பிட இன்னும் சொடுக்குதான்.

"பிள்ளை திணறல டாக்டரம்மா" என்றேன். "நான்தான் திணறினேன்."

சத்தமில்லாத அறையில் என்னால் உட்கார முடியாது என்பதால் மீதியையும் சொன்னேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சித்திரை மதியம். ஒரு நகைக்கடை விளம்பரத்தை நடுக்கூடத்தில் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் முழு வேகம். கனி அடுத்த அறையில் தூக்கம். குழாயைச் சளி அடைத்துவிட்டது. உஸ்ஸ் சத்தம் நின்றது எனக்குக் கேட்கவில்லை. என் குரல்தான் எனக்குக் கேட்டது. "வாருங்கள், அள்ளிச் செல்லுங்கள்" என்று. ஷிப்டு மாறி முன்னதாக வந்த செல்விதான் பார்த்தாள். உதடு சாம்பல் நிறம். அவள்தான் குழாயை உருவி, புதுசை மாட்டி, தட்டி, உசுப்பினாள். என் கையில் அப்போதும் மைக் இருந்தது.

அப்போதிருந்து சத்தம் நின்றால் என் கை அதுவாக நீளுகிறது. நாலு மதியமும் பிள்ளை நன்றாகத் தூங்கினாள். நான்தான் எழுப்பினேன்.

செல்வி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இந்த நோட்டில் எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னாள்: "தொண்டைக்கட்டுன்னு ஊரெல்லாம் சொன்னீகளேண்ணே."

டாக்டர் ரத்தை ரத்து செய்தார். "எட்டாம் தேதி அப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள மூணு மதியம் முழுசா தூங்கணும். எடுக்க வேண்டிய காரணம் இருந்தா கண்டிப்பா எடுக்கணும், பயந்து விட்டுடாதீங்க. ஆனா பிள்ளை என்ன பண்ணினா, நீங்க என்ன பண்ணினீங்க, ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

சிஸ்டர் ஸ்கேலை வைத்து நோட்டின் நடுவே ஒரு கோடு கிழித்தார். இடது பக்கம் "பிள்ளை." வலது பக்கம் "மாமா." என் ராஜ்ஜியத்தைப் பிரித்த முதல் ஆள்.

ஆகஸ்ட் 29

கேட்கவில்லை என்பதுதானே சிக்கல்? கேட்க வைக்கத்தானே முப்பது வருஷமாகப் பிழைக்கிறேன்!

காலர் மைக்கைக் கனியின் தலையணை ஓரத்தில், மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். வயர் அவள் பக்கம் வராதபடி சுவரோடு டேப் ஒட்டினேன். ஆம்ப்ளிஃபயரில் ஹெட்ஃபோன். ஸ்பீக்கர் இணைப்பைப் பிடுங்கிவிட்டேன்.

1.15க்குத் தூங்கினாள். குமிழைத் திருகினேன்.

கடல்.

ராமேஸ்வரமும் கன்னியாகுமரியும் சேர்ந்து அந்தச் சின்ன மூக்குக்குள் இருந்தன. உள்ளே ஒரு அலை, வெளியே ஒரு அலை. நாலு வருஷம் அடைத்துக் கிடந்த மூக்கு!

பிள்ளை: 1.15 – 2.50. எண் 97, 98. நெஞ்சுக்குழி இழுக்கவில்லை. உதடு சிவப்பு.
மாமா: கை நீளவில்லை. இருமுறை நீளப் பார்த்தது. உட்கார்ந்துகொண்டேன் அதன்மேல்.

ஆகஸ்ட் 31

சிஸ்டரிடம் போனில் கடலைப் பற்றி வர்ணித்தேன். ஒரு நிமிஷம் சிரித்துவிட்டு, "நல்லதுதான். ஆனா மைக்கை மட்டும் நம்பாதீங்கண்ணே, கரெண்டு போயிடும். நெஞ்சைப் பாருங்க, கையை வைங்க" என்றார்.

செல்விக்கு வாராந்திர விடுமுறை. இன்றைக்கு நெஞ்சில் கை வைத்துப் பழகலாம் என்று ஹெட்ஃபோனை அவளிடம் கொடுத்தேன். மாட்டிக்கொண்டவள் அரை மணி நேரம் கழற்றவில்லை. நான் கனியின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தேன். ஏறியது. இறங்கியது. ஏறியது.

"அன்னைக்கு நடந்ததுக்கு உங்களை நான் ஒரு வார்த்தை கேட்டேனாண்ணே?" என்றாள் செல்வி, ஹெட்ஃபோனோடு. தன் குரல் தனக்குக் கேட்காததால் கொஞ்சம் உரக்கவே.

"கேக்கலை."

"கேட்டிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும். கேக்காம விட்டது என் தப்பு."

ஒரு மணி நாற்பது நிமிஷம். 1.10 – 2.50. எண் 98.

செப்டம்பர் 3

ஹெட்ஃபோன் இல்லை. மைக் இல்லை. கை மட்டும். ஒன்றரை மணி நேரம்.
மாமா: வேர்த்தது. வேறொன்றும் இல்லை.

மல்லிகாவின் நாடுகடத்தல் தண்டனை முடிந்தது. முறுக்கு கொண்டுவந்தாள். மன்னிப்பு வழங்கப்பட்டது.

செப்டம்பர் 8

வார்டில் சேர்ந்தோம். கனிக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இன்று ராத்திரி முழுக்க மூடி, மெஷின் கண்காணிப்பில்.

கட்டிலருகே ஒரு ஆளுக்குத்தான் அனுமதி. செல்வியை உட்காரச் சொன்னேன். "நீங்க உட்காருங்க. உங்களுக்குத்தான் பரீட்சை" என்று வராந்தாவில் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

செப்டம்பர் 9

ராத்திரி எண் 96க்குக் கீழே போகவில்லை. நான் மூடியைத் தொடவில்லை. சிஸ்டர் சாட்சி.

காலை 10.40. தட்டில் எல்லாம் தயார்: அதே அளவுக் குழாய், சின்னக் குழாய், ஆக்சிஜன், உறிஞ்சும் மெஷின். திரும்பப் போடத் தேவைப்பட்டால் போட. என் அவசரப் பையையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிஸ்டர் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி அதற்கு இடம் விட்டார்.

டாக்டர் நாடாவை அவிழ்த்தார். "கனி, மாமாவைப் பாரு. ஒரு இருமல் இருமு."

இருமினாள். குழாய் வந்துவிட்டது.

அவ்வளவுதான். சுண்டுவிரல் நீளம், வளைந்த பிளாஸ்டிக். நாலு வருஷம் எங்கள் வீட்டை ஆண்டது அதுதான். துளைமேல் பஞ்சுத்துணி வைத்து ஒட்டினார்கள். மெஷின் 95 காட்டியது. 94. கனி கழுத்தைத் தடவினாள். குழாய் இல்லை என்றதும் கண்ணில் மிரட்சி. கை என் சட்டைக்கு வந்தது.

நான் அவள் உள்ளங்கையை எடுத்து அவள் நெஞ்சின்மேலேயே வைத்தேன். "இங்க பாருத்தா. ஏறுதா?"

கவனித்தாள். "ஏறுது." பஞ்சுத்துணி வழியாகக் காற்று பிசிறியது.

"இப்ப?"

"இறங்குது."

96. 97. 97.

"பேசும்போது ஒரு விரலால துணியை மெல்ல அழுத்திக்கோ, காத்து ஒழுகாது" என்று டாக்டர் காட்டிக்கொடுத்தார். கனி அழுத்தினாள். எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"சட்னி" என்றாள்.

செப்டம்பர் 11

இரண்டு நாள் கண்காணிப்பு முடிந்து வீடு. துளை தானாகச் சுருங்கி மூடும். மூடாவிட்டால் பிறகு தையல். என்ன நடந்தால் எங்கே ஓடிவர வேண்டும் என்று சிஸ்டர் இருமுறை ஒப்பிக்க வைத்தார். அவசரப் பை இன்னும் கொஞ்ச காலம் தோளில்தான்.

ஆஸ்பத்திரி நோட்டைச் சிஸ்டரிடம் திருப்பிக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "பரவாயில்லண்ணே, உண்மையும் எழுத வருதே" என்றார். இதைவிடப் பெரிய அவமானம் என் தொழிலுக்கு நேர்ந்ததில்லை.

செப்டம்பர் 13

செல்விக்கு லீவு. மதியம் கனியின் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்தேன். நெஞ்சு ஏறியது, இறங்கியது. உஸ்ஸ் இல்லை, களகள இல்லை. செல்வி, "நான் பாத்துக்கறேன், செத்த சாயுங்க" என்றாள். 2.10 வரை கடிகாரம் பார்த்த ஞாபகம் இருக்கிறது.

விழித்தபோது மணி 4.05. கட்டிலில் கனி இல்லை. என் கை அவசரப் பையைப் பிடித்துவிட்டது. அப்போதுதான் தெருவிலிருந்து கேட்டது: கொய்ய்ங் என்று ஆம்ப்ளிஃபயர் விழித்துக்கொள்ளும் சத்தம். அதற்குப் பின்னால் வாசல் ஸ்பீக்கரில், மண்ணெண்ணெய் இல்லாத ஸ்டவ் போல ஒரு குரல்.

"அன்பார்ந்த பொதுமக்களே!"

நடுக்கூடத்துக்கு வந்தேன். ஸ்டூல்மேல் கனி. ஒரு கையில் மைக், மறு கையின் விரல் கழுத்துத் துணியில். செல்வி குமிழைப் பிடித்துக்கொண்டு, முந்தானையை வாயில் திணித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமா தூங்குறாங்க. யாரும் சத்தம் போடாதீங்க. மீறினா... மீறினா மல்லிகா அத்தை மாதிரி ஆயிடும்!"

எங்கள் தெருவில் பதினோரு வீடு. பதினோரு வீட்டுக்கும் கேட்டது. இதில் ஒரு வீடுகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.